கேசட்டின் வாலில் இருந்த கடிதம்

வளைகுடாவில், தேரா பகுதியில் இருக்கும் எங்கள் அறையில் மே மாதம் பிறந்துவிட்டால், குளிர்ந்த தண்ணீருக்குச் சிவப்புக் குழாயைத்தான் திறக்க வேண்டும். நீலக் குழாயில் வருவது மொட்டைமாடித் தொட்டியில் பகல் முழுக்க வெந்த தண்ணீர், கைவைக்க முடியாது. குளியலறைக்குள் இருக்கும் ஹீட்டரை அணைத்துப் போட்டால் அதன் வயிற்றில் தங்கிய தண்ணீர் மட்டும் ஆறிக் கிடக்கும். ஆறு பேர் இருக்கும் அறையில் முதலில் குளிக்கிறவனுக்குத்தான் அந்தப் பாக்கியம். புதிதாக வருகிறவனிடம் இதை யாரும் சொல்வதில்லை. ஒருமுறை தோள் கொப்பளித்தால் தானே தெரிந்துகொள்கிறான். 'அங்கே எல்லாம் வசதிதானே' என்று ஊரிலிருந்து எழுதிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழாய்கள்தான் ஞாபகத்துக்கு வரும். வசதிதான் என்று பதில் எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, அதை வைத்து ஒரு வேலையும் கிடைக்காதென்று தெரிந்தபின், டைப்ரைட்டிங் ஹையர் பாஸான தைரியத்தில் விமானம் ஏறியவன். படித்த தமிழ் சும்மா இருக்குமா? அறைக்குள் புழங்கும் சொற்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு வியாதி. இங்கே விசாவை 'அடிப்பார்கள்', அதை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பும்போது கான்சலையும் அடிப்பார்கள். எதுவும் முடிந்துபோனால் 'கலாஸ்'. எதுவும் இல்லையென்றால் 'மாஃபி'. என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில் செய்யது காக்காவுடையது. காயல்பட்டினத்துக்காரர், மசாலாச் சந்தையில் ஒரு கடையில் பல வருடமாக இருப்பவர். காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். எனக்கும் அவர் அப்படித்தான். ஒருநாள் வந்து உட்கார்ந்தவர், "லீவை மாஃபி பண்ணிட்டான் தம்பி" என்றார். அரபு முன்னால் வர, தமிழ் பின்னால் வந்து முட்டுக்கொடுக்கிறது. இந்தப் 'பண்ணு' என்ற வினைச்சொல் இருக்கிறதே, அதுதான் எங்கள் அறைக்கு வந்து சேரும் அத்தனை வெளிநாட்டுச் சொற்களுக்கும் கஃபீல். கஃபீல் என்றால் நம்மைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் முதலாளி. அவர் கையெழுத்து இல்லாமல் இந்த ஊரில் மூச்சுவிட முடியாது. அதைக் காக்காவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பண்ணுகிட்ட சொல்லி எனக்கும் ஒரு லீவு வாங்கிக் குடுங்களேன்" என்றார்.

எங்கள் கம்பெனி ஸ்பெயினிலிருந்து டைல்ஸ் இறக்கி விற்கும் கம்பெனி. முதல் மூன்று வருடம் நான் ஆபீஸில் இருந்தேன். ஏசி, மேசை, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. மேசையில் என் கை பட்டாலே ஒலிக்கும் டைப்ரைட்டரும் உண்டு. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதனோடு ஒரு புது மேனேஜரும் வந்தார். "குடோனுக்குப் போறியா, கான்சல் அடிக்கவா?" என்று இந்தியில் கேட்டார். என் மகள் கோமதிக்கு அப்போது பத்து வயது. நான் குடோனுக்குப் போனேன். அல் கூஸ் பக்கம் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை அது. ஸ்டோர்கீப்பர் என்று பெயர். கண்டெய்னர் வந்து நின்றால் ஸ்டோர்கீப்பரும் பெட்டி சுமக்கத்தான் வேண்டும். ஒரு பெட்டி டைல்ஸைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு முதுகெலும்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியும்.

இதை நான் வீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாதென்று முடிவெடுத்ததும் இல்லை. முதல் கடிதத்தில் விட்டுப்போயிற்று, இரண்டாவதில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, மூன்றாவதில் 'ஆபீஸில் வேலை அதிகம்' என்று எழுதியாகிவிட்டது. என் மனைவி தெருவில் எல்லோரிடமும் "அவிய ஏசி ரூம்ல இருக்காவ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஏசியை நான் எப்படி நிறுத்துவேன்?

அந்தக் குடோனில்தான் இக்னாசியோ வந்து சேர்ந்தான். டைல்ஸ் ஒட்டும் முறையைக் கற்றுக்கொடுக்க ஸ்பெயினிலிருந்து ஒரு வருடத்துக்கு வந்தவன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மத்தியானத்தில் பெட்டிகளின்மேல் காலை நீட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் பாக்கெட் நாவல் படிப்பான். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, முடித்ததையெல்லாம் என்னிடம் தள்ளிவிட்டான். எல்லாம் அவன் நாட்டு நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள். அவன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் பாதி வழியில்தான் சந்தித்துக்கொள்ளும். ஒரு நாள் டைலைக் காட்டி, இதற்கு எங்கள் பாஷையில் 'அஸுலேஹோ', இந்தக் குடோனுக்கு 'அல்மஸேன்', இரண்டும் அரபியிலிருந்து வந்தவை என்றான். உண்மைதான், எங்கள் டிரைவர் குடோனை 'மக்ஸன்' என்றுதான் சொல்வார். அரபியில் முன்னால் ஒட்டும் 'அல்'லையும் சேர்த்தே ஸ்பானியர்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வாசற்படியோடு வீட்டைப் பெயர்த்தெடுத்த மாதிரி. நான் பதிலுக்கு, குடோன் என்பதே எங்கள் 'கிடங்கு' கப்பலேறிப் போய் வேறு வேஷத்தில் திரும்பி வந்ததுதான் என்று சிலர் சொல்வார்கள் என்றேன். அவன் கூரையைப் பார்த்துச் சிரித்து, "அப்போ இது உன் வீடு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கும் எனக்கும் ஒருமுறை மனவருத்தம் வந்தது. ஊருக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனி ஷோரூம் பூட்டியிருந்தது, சாவி இக்னாசியோவிடம். காக்காவின் டையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போய், மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவன் அதை ஏதோ நாடக வேஷம் என்று நினைத்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தான். "பாஸ்! பாஸ்! ஒன் மோர்!" என்று காலை மேசைமேல் போடச் சொன்னான். நான் போடவில்லை. எடுத்தது போதும் என்று எழுந்தேன். வீட்டுக்கு அனுப்பத்தான் இந்தப் படம் என்று சொன்னபோது அவன் முகம் மாறியது. கேமராவை மூடிக்கொண்டு போய் வண்டியை எடுத்தான். என்னைக் கேவலமாக நினைக்கிறான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவன் கொடுத்த நாவல்களை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் படித்தவற்றில் முக்கால்வாசி பிள்ளைகள் வளர்கிற கதைகள். ஓர் எசமானிடமிருந்து இன்னோர் எசமானிடம் போய், வயிற்றுக்காகத் தந்திரம் கற்கும் சிறுவர்களின் கதை அவர்களுக்குப் பரம்பரைச் சொத்தாம். கஃபீல் மாறிக் கஃபீலிடம் போகிற எங்கள் பையன்கள் யாரும் எழுதாததால் நமக்கு அந்தச் சொத்து இல்லை. பின்னால் வந்த கதைகள் வேறு மாதிரி. உள்நாட்டுப் போர் முடிந்த வீடுகள். பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. எந்தப் பெயரைச் சொன்னால் அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள், எந்தப் படத்தை ஏன் சுவரிலிருந்து கழற்றினார்கள் என்று பிள்ளைகள் கதவோரம் நின்று கற்றுக்கொள்கிறார்கள். வயது எட்டோ பதினாலோ, வீட்டில் பெரியவர்கள் மறைத்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் நாளில் அந்தப் பிள்ளையின் பிள்ளைப்பருவம் முடிந்துவிடுகிறது. சில கதைகளில் அந்தப் பிள்ளை கத்துகிறது. பல கதைகளில் அதுவும் பெரியவர்களைப் போலவே வாயை மூடிக்கொள்கிறது.

எங்கள் தமிழ் அமைப்பின் ஆண்டு மலருக்கு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். இந்த வகை நாவலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதில் மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று. 'பருவமெய்தல் புதினம்' என்று எழுதினேன். மலர்க்குழுவில் ஒருவர், பெண்பிள்ளை சடங்குப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார். 'வளரிளம்பருவப் புதினம்' என்றேன். சுகாதாரத்துறை நோட்டீஸ் என்றார்கள். காக்கா தன் கடையில் ஏலக்காய்ப் பையைப் பிரித்துக்கொண்டே, "ஆளாவுற கதைன்னு போடுங்களேன் தம்பி. எங்க உம்மாவுக்கும் வெளங்கும்" என்றார். ஆளாகிற கதை. மூன்று வாரம் நான் அகராதியில் தேடியது மளிகைக் கடையில் கிடைத்தது. சொற்களை உண்டாக்குகிற வேலையைப் படித்தவர்களிடம் விடக் கூடாது என்று அன்றைக்குப் பட்டது.

மலர் அச்சாகி வந்த மாதத்தில்தான் கோமதி ஆளானாள். மனைவி கடிதம் போட்டிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று, அப்பா வராமல் எப்படி, லீவு கிடைக்குமா. லீவு கேட்டேன், மாஃபி பண்ணிவிட்டார்கள். அப்படியானால் ஒரு கேசட்டாவது பேசி அனுப்புங்கள், சடங்கு வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்று அடுத்த கடிதம். வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: போனில் மூன்று நிமிடம் பேசினாலே மனம் அடித்துக்கொள்ளும் காலம் அது. கடிதத்தில் குரல் இருக்காது. ஆகவே வெற்றுக் கேசட்டில் அரைமணி நேரம் பேசி, லீவில் போகிறவர் பெட்டியில் கொடுத்துவிடுவோம். வீட்டில் எல்லோரும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு, அதே மாதிரி பேசிப் பதிலுக்கு அனுப்புவார்கள். நான் பேசுவதற்கு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தோது. அறையில் மற்ற எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு அறை எனக்கு மட்டும்.

இதற்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை நான் வேறொரு கேசட் பேசியிருந்தேன். முதுகுப் பிடிப்பால் இரண்டு நாள் படுத்துக் கிடந்த வாரம். மனைவிக்கென்று பேசியது, அனுப்புவதற்கென்று பேசியதில்லை. குடோன், பெட்டி, மேனேஜர், முடியவில்லை, வந்துவிடட்டுமா என்று உள்ளதெல்லாம் ஒரு பக்கம் நாடா தீருகிற வரைக்கும் பேசினேன். நடுவில் அழுதேன். பேசி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. கேசட்டைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிட்டேன்.

சடங்குக் கேசட்டை நான் கடைசி நாளுக்கு விட்டது தவறு. சாயங்காலம் ஒருவர் ஊருக்குப் போகிறார். கடைக்கு ஓடினால் ஜும்ஆ நேரம், எல்லாம் பூட்டு. கையில் இருந்தது அந்தப் பழைய கேசட் ஒன்றுதான். அதன்மேல் பேசினால் பழையது தானாக அழியும் என்று முதலிலிருந்து சுற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். அத்தை மாமா எல்லோரையும் பேர்பேராக விசாரித்தேன். ஆபீஸில் ஆள் பற்றாக்குறை, நான் இல்லாமல் நடக்காது, அதனால்தான் வர முடியவில்லை என்றேன். கோமதிக்கு வாழ்த்துச் சொன்னேன். சந்தோஷக் கடிதத்தில் பேச எவ்வளவுதான் இருக்கும்? இருபத்தைந்து நிமிடத்தில் சரக்குத் தீர்ந்தது. நிறுத்தி, உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த காக்கா, தன் வீட்டுக்குப் பேச உட்கார்ந்தார். பேசும் முன் கேசட்டை ஓடவிட்டுக் கடைசி வரை அழித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பழசுமேல பேசுனா முழுசா அழிச்சுட்டுத்தான் பேசணும் தம்பி. போன வாட்டி நான் கொஞ்சமாப் பேசிட்டேன். என் சலாமுக்குப் பொறவு வூட்டுல சினிமாப் பாட்டு ஓடுச்சாம். எங்க மாமியா அதுவும் நான்தான் பாடுனேன்னு நெனச்சுட்டா" என்று சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

உண்மைக் கடிதம் முப்பது நிமிடம். பொய்க் கடிதம் இருபத்தைந்து. மிச்சம் ஐந்து நிமிடத்தில் நான் என்ன சொல்லியிருந்தேன்? யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக வந்தது. வெயிலில் தலை சுற்றி கண்டெய்னருக்குள் விழுந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதது. கடைசி வாக்கியம் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது: "கோமதிக்கு மட்டும் தெரிய வேண்டாம். சின்னப் பிள்ளை, தாங்க மாட்டா." சடங்கு வீட்டில், பந்தலுக்குக் கீழே, அத்தனை பேர் நடுவில் இது ஓடியிருக்கும்.

டெலிபோன் கார்டு வாங்கிப் பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். மனைவி ஓடிவந்தாள். "கேசட்டை எல்லாரும் கேட்டாவ. மாமாவுக்குக் கண்ணு கலங்கிட்டு. நீங்க பேசி முடிச்சதும் இலை போட்டாச்சு" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் பேச்சு முடிந்ததும் நிறுத்திவிட்டார்கள். போன உயிர் வந்தது. கோமதியைக் கூப்பிடு என்றேன். ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம், யாரோ கூப்பிடும் சத்தம், பிறகு மனைவியே வந்தாள். "அவ வரமாட்டாளாம். இப்பல்லாம் யார்ட்டயும் பேசமாட்டேங்கா. வெக்கப்படுதா போல. உங்க கேசட்டைத்தான் ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போயி வச்சிருக்கா." கார்டு தீர்ந்து போன் அறுந்தது. வந்த உயிர் திரும்பப் போயிற்று.

அடுத்த நாள் குடோனில் எண்ணிய பெட்டிகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். இக்னாசியோ தண்ணீர் பாட்டிலை நீட்டி, என்ன ஆயிற்று என்று கேட்டான். போட்டோ எடுத்த நாளுக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசியதில்லை. யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்ததால் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நாவலை மூடி வைத்தான். தன் அப்பா ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர் என்றான். ஃபேக்டரியில் இன்ஜினியர் என்று கடிதம் வரும். கோட்டுப் போட்ட போட்டோ வரும். இவனுக்குப் பதினாலு வயதில், ஊர்க்காரன் ஒருவன் சொல்லித் தெரிந்தது, அவர் அங்கே மெஷின் கழுவுகிறார் என்று. போட்டோவில் இருந்த கோட்டு வேறு ஒருவருடையது.

"உனக்குக் கோபம் வந்ததா?" என்று கேட்டேன்.

"பதினோரு வருஷம் அவரோடு பேசவில்லை" என்றான் இக்னாசியோ. "அப்புறம் பேசினேன். அப்போது அவருக்குக் காது கேட்கவில்லை" என்றான்.

அன்று என்னைக் கேவலமாக நினைத்து அவன் கேமராவை மூடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? பதினோரு வருஷம் என்பது மட்டும் மண்டைக்குள் நின்றுகொண்டது. கோமதிக்குப் பதிமூன்று. கூட்டிப் பார்த்தேன், இருபத்துநாலு. கல்யாணம் ஆகியிருக்கும்.

பதில் கேசட் வர ஏழு வாரம் ஆயிற்று. வழக்கம்போல் வெள்ளிக்கிழமை மத்தியானம், அறை காலியானதும் போட்டேன். மனைவி சடங்கை ஒன்று விடாமல் சொன்னாள். யார் யார் வந்தார்கள், மாமன் சீர் என்ன, சாம்பார் எப்படித் தீர்ந்துபோயிற்று என்பதெல்லாம். பிறகு, "ஏட்டி, அப்பாட்ட பேசு" என்று அதட்டும் குரல். கொஞ்ச நேரம் நாடா சும்மா ஓடியது. பிறகு கோமதி.

"எப்பா, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். ஏசியில ரொம்ப நேரம் உக்காராதீங்கப்பா. சளி பிடிச்சிரும்."

கட்டிலில் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஏசியில் உட்காராதீர்கள் என்கிறாள். ஒன்றும் தெரியவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் எழுந்து போனதும் கேசட்டை நிறுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். மனைவி எல்லோர் சார்பிலும் விடைபெற்றுக்கொண்டாள். நான் எழுந்து நிறுத்தவில்லை. நாடா உஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. கண் அசந்துகொண்டு வந்தபோது, ரொம்பத் தாழ்ந்த குரலில், வாயை மைக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு யாரோ பேசினார்கள்.

"எப்பா. இது கடைசியில இருக்கு, அம்மா கேக்க மாட்டா. நீங்க கேப்பீங்கன்னு தெரியும். வெயில்ல நிக்கும்போது தலையில துண்டை நனைச்சுக் கட்டிக்கோங்க. பெட்டியைக் குனிஞ்சு தூக்காதீங்க, முட்டியை மடக்கித் தூக்கணுமாம். பி.டி. டீச்சர்ட்ட கேட்டேன், யாருக்குன்னு சொல்லல. உங்க கேசட்டுல அந்த இடத்தை நான் அழிச்சுட்டேன். அம்மாக்குத் தெரிய வேண்டாம்பா. அவ தாங்க மாட்டா. நீங்க வரணும்னா…"

அத்தோடு நாடா தீர்ந்து, பட்டன் டக்கென்று மேலே வந்தது.

நீங்க வரணும்னா என்ன? வந்துவிடுங்கள் என்றாளா, வர வேண்டாம் என்றாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் அழுதேன். அவள் பேசியதற்கு அழுதேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். அந்த ஏசி வாக்கியத்துக்குத்தான் அழுதேன். அம்மா பக்கத்தில் இருக்க, குரல் கொஞ்சமும் நடுங்காமல், அவ்வளவு சுத்தமாக என் பொய்யை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாளே, அதற்கு. அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தானே. ஊரில் மாமன்மார் சீர் வைத்து, பந்தல் போட்டு, ஊர்கூடிச் சடங்கு செய்தார்கள். என் மகள் ஆளானது அன்றைக்கில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்ட அன்றைக்குத்தான். மலரில் நான் பக்கம் பக்கமாக எழுதிய கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஜும்ஆ முடிந்து ஆட்கள் படியேறும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவினேன். உள்ளே வந்த காக்கா டேப்ரெக்கார்டரைப் பார்த்துவிட்டு, "வூட்டுல எல்லாரும் சொகமா தம்பி?" என்றார். "சொகம் காக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள், நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு கேசட்டுக்கும் வால் இருந்தது. முன்பகுதியில் ஏசி ஓடும். கடைசி நிமிடங்களில் நானும் அவளும் இருப்போம். இப்போது கோமதி கல்லூரிக்குப் போகிறாள். போன் மலிந்துவிட்டது, கேசட் நின்றுபோயிற்று. வாலும் அதோடு போயிற்று. போனைச் சுற்றி எப்போதும் யாராவது நிற்கிறார்கள். நான் இன்னும் குடோனில்தான் இருக்கிறேன். முட்டியை மடக்கித்தான் தூக்குகிறேன்.

கோமதியின் ரகசியக் குரல் வந்த அந்த முதல் பதில் கேசட்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதன் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்களையும் கத்தி நுனியால் உடைத்து எடுத்துவிட்டேன். அவை இல்லாவிட்டால் எந்த மெஷினிலும் அதன்மேல் இன்னொன்றைப் பதிய முடியாது. லீவில் போகப் பெட்டி கட்டும் ஒவ்வொரு முறையும் அது கையில் அகப்படும். உலகத்தில் என் வீட்டுக்குரல் என்று நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதை என் வீட்டுக்குத்தான் கொண்டுபோக முடியாது, கோமதியின் அம்மா கேட்டுவிடுவாள். ஆறு பேர் புழங்கும் அறையில் விட்டுப்போகவும் முடியாது. ஆகவே விமானத்துக்குப் புறப்படும் முன் மசாலாச் சந்தைக்குப் போய், காக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவர் அதை வாங்கி, ஏலக்காய் டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்.